ஏழையின் சம்மதம்

அடுகோடியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நிமான்ஸ் மனநல நிலையமும், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியும் அண்மையிலேயே உள்ளன. இவை நோய் தீர்க்கும் இடங்கள் மட்டுமல்ல. நோயை ஆராயும் இடங்களுமாகும். ஆதலின், படிவமும் ஊசியும் ஏந்திய ஆராய்ச்சியாளர் ஒருநாள் நம் வாசலுக்கும் வரக்கூடும். அவரை நாம் எவ்வாறு எதிர்கொள்வது? இரண்டு நிகழ்ச்சிகள் இதற்கு விடை கூறும்.

முதலாவது, சென்னையில் நிகழ்ந்தது. காசநோய் கண்டவர் சானடோரியத்தில் பல மாதங்கள் படுத்திருத்தல் வேண்டும் என்பதே அந்நாளைய மருத்துவக் கொள்கை. ஏழைக்கு அங்கே இடம் கிடைத்தல் அரிது. கிடைத்தாலோ, உழைப்பவரை இழந்த குடும்பம் பட்டினி கிடக்கும். 1956ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையம் இக்கொள்கையைச் சோதித்தது. ஏறத்தாழ 190 ஏழை நோயாளிகளுள் ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும், மறு சாராருக்கு வீட்டிலும் ஒரே வகை மருந்துகள் ஓராண்டு அளிக்கப்பட்டன. வீட்டிலிருந்தோர்க்கு இடநெருக்கடி, உணவும் குறைவு. எனினும், அவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர் என 1959இல் முடிவு வெளியாயிற்று. அவர்தம் வீட்டாரையும் மருத்துவர்கள் ஐந்தாண்டுக் காலம் கண்காணித்தனர். வீட்டு மருத்துவத்தால் அவர்களுக்குத் தொற்று மிகவில்லை. ஏழைகளிடம் பெற்ற அறிவு ஏழைகளுக்கே திரும்பிவந்தது. உலகெங்கும் காசநோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்ண வழி பிறந்தது.

மற்றொன்று, 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நிகழ்ந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, ஓர் ஆய்வுத் திட்டத்தின் கீழ்ச் சிறுமியர் பலருக்குப் போடப்பட்டது. அவர்களுள் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியரும் இருந்தனர். 2010இல் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. இடையில் நேர்ந்த சில இறப்புகளுக்கு ஊசி காரணமெனத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு கூறியது. ஆனால், சம்மதம் பெற்ற முறையோ பெருங்குறையுடையது. 9,543 படிவங்களுள் 2,763இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டிருந்தனர் என்பதை 2013இல் நாடாளுமன்றக் குழு எடுத்துக்காட்டியது. நல்ல மருந்தேயாயினும், கேளாமல் கொடுத்தால் அது நம்பிக்கையைக் கொன்றுவிடுகிறது.

ஆகவே, ஆராய்ச்சியே வேண்டாமென்று கதவடைப்பதும் தவறு; காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பதும் தவறு. நாம் ஒதுங்கிவிட்டால், நம் உணவும் உழைப்பும் நோயும் அறியாதவர்களே நமக்கு மருந்து வகுப்பார்கள். கேளாமல் இணங்கினால், நாம் வெறும் சோதனைப் பொருளாவோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் நமக்குத் துணை நிற்கின்றன. ஆய்வின் நோக்கத்தையும் இடரையும் நமக்குப் புரியும் மொழியில் விளக்குதல் வேண்டும். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுவோரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டுதல் போதாது. தமிழில் கேட்பது நம் உரிமை. எழுத்தறியாதவர்க்கு நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். சிறுவர்க்குப் பெற்றோர் சம்மதம் தேவை. மறுத்தாலும், இடையில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையலாகாது. ஆய்வினால் தீங்கு நேரின் மருத்துவமும் இழப்பீடும் உண்டு.

அன்பர்களே! படிவம் வரும்பொழுது அவசரப்படாதீர்கள். ஒழுக்கக் குழுவின் ஒப்புதல் உண்டா, எங்கள் இரத்தம் எதற்கு, முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். படிவத்தின் படியொன்றை வாங்கி வையுங்கள். படிக்கத் தெரிந்த இளைஞர்கள், அண்டை வீட்டு முதியோர்க்கு அதனைப் படித்துச் சொல்லுங்கள். கேட்டறிந்து தரும் சம்மதமே சம்மதம். அதுவே ஆராய்ச்சிக்கும் அறமாகும்.