இரவில் முக்கால் வேக்காடு, காலையில் வியாபாரம்

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சீனாவில் சூப்பு எதுவும் இல்லாமல் நூடுல்ஸில் மிளகாய் எண்ணெயை விட்டுக் கிளறிச் சாப்பிடுவதை வீடியோவில் பார்த்தேன். நம் வீட்டில் வடித்து ஐந்து நிமிடம் வைத்தாலே கட்டிதட்டிப் போகிறது. அவர்களுக்கு மட்டும் எப்படி உதிரியாக நிற்கிறது? அந்த மஞ்சள் நிறம் முட்டையா, சாயமா?”

அவர் பார்த்தது அநேகமாக ரெகான்மியனாக இருக்க வேண்டும். வுஹான் நகரத்தின் காலைச் சாப்பாடு. 2013இல் சீனா முழுவதிலுமிருந்து பத்து நூடுல்ஸ் வகைகளைப் பொறுக்கி எடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் இதற்கும் இடம் உண்டு. வுஹான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. 2020 ஜனவரி 23 தொடங்கி ஏப்ரல் 8 வரை கொரோனாவால் அடைபட்டுக் கிடந்த ஊர். அப்போது நம் பத்திரிகைகள் அந்த ஊர்ச் சந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் ஊர் காலையில் என்ன சாப்பிடும் என்று ஒரு வரி எழுதியதாக நினைவில்லை. சீனர்களோ அந்த நாட்களில் வுஹானை நோய்வாய்ப்பட்ட ஒரு கிண்ணம் ரெகான்மியனாகவே படம் போட்டார்கள். மற்ற ஊர்ப் பலகாரங்களெல்லாம் அதற்குத் தைரியம் சொல்லும்.

வுஹான்காரர்கள் காலைச் சாப்பாட்டைப் பெரும்பாலும் கடையில்தான் முடிப்பார்கள். பழைய கடை என்றால் அகலம் ஒரு ஆள் கை விரிக்கும் அளவுதான். வாசலிலேயே கொதிக்கும் அண்டா. ஒரு பிடி நூடுல்ஸை நீண்ட கைப்பிடி வைத்த வடிகூடையில் போட்டுக் கொதிநீரில் முக்கி, நாலைந்து முறை மேலும் கீழுமாகக் குலுக்கி, சொட்டச் சொட்ட உதறிக் காகிதக் கிண்ணத்தில் கவிழ்ப்பார்கள். அதன் மேல் எள் விழுது, சோயா சாறு, மிளகுத் தூள், பொடியாக நறுக்கிய முள்ளங்கி ஊறுகாய், புளிக்க வைத்த காராமணிக்காய், வெங்காயத்தாள். மிளகாய் எண்ணெய் அவரவர் துணிச்சலுக்கு. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகாது. வாங்கியவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே கிளறிக்கொள்வார்.

இந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டு ‘துரித உணவு’ என்று முத்திரை குத்துகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கடைக்காரரின் உண்மையான வேலை முந்தைய நாளே முடிந்துவிடுகிறது.

நூடுல்ஸை முக்கால் பதத்துக்கு வேகவைப்பார்கள். இழையைக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். உடனே வடித்து, பெரிய பலகையில் கொட்டி, எண்ணெய் ஊற்றி, பக்கத்தில் மின்விசிறியைச் சுழலவிட்டு, நீளக் குச்சிகளால் அள்ளி அள்ளி உதறுவார்கள். ஆவி அடங்கும்வரை கை ஓயக்கூடாது. ஏன் இந்த அவசரம்? வடித்த பிறகும் உள்ளே இருக்கும் சூடு இழையை வேகவைத்துக்கொண்டேதான் இருக்கும். குவியலாக விட்டால் குழைந்துவிடும். இன்னொன்று, வேகும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இழையின் மேற்பரப்புக்குக் கசிந்து பசையாக நிற்கிறது. ஆற ஆற அந்தப் பசை இறுகும். இரண்டு இழைகள் தொட்டுக்கொண்டிருக்கும்போது இறுகினால் ஒட்டியதுதான், பிறகு பிரியாது. அது இறுகுவதற்குள் எண்ணெய் நடுவில் புகுந்துவிட வேண்டும். திருப்பூர் வாசகர் வீட்டு நூடுல்ஸ் கட்டியாவது இந்த இடத்தில்தான். ஆறிய பிறகு மாவுச்சத்து மறுபடி கெட்டிப்படுவதால் இழைக்கு ஒரு விறைப்பும் வருகிறது. மறுநாள் கொதிநீரில் சில நொடிகள் முக்கினால் சூடேறும், மீதி வேக்காடும் வந்துவிடும், குழையாது.

இனி மஞ்சள் நிறம். முட்டையும் இல்லை, சாயமும் இல்லை. எங்கள் வீட்டில் பாட்டி அப்பளத்துக்காக உளுந்து மாவில் அப்பளக்காரம் கரைத்த தண்ணீரை விட்டுப் பிசைந்து, உலக்கையால் இடிக்க வைப்பாள். இடிக்க இடிக்க மாவு ரப்பர் போல இழுபடும், லேசாக மஞ்சளும் பூக்கும். வுஹான் நூடுல்ஸ் மாவிலும் சேர்ப்பது ஏறக்குறைய அதே பொருள்தான்: சோடியம் கார்பனேட், சில சமயம் பொட்டாசியம் கார்பனேட்டும் சேர்த்து. கோதுமை மாவில் ஃப்ளேவனாய்டு என்ற நிறப்பொருள்கள் இருக்கின்றன. சாதாரண மாவில் அவை நிறம் காட்டுவதில்லை. கார்பனேட் சேர்ந்ததும் மஞ்சளாகிவிடுகின்றன. கோதுமைப் புரதமான குளூட்டனும் இறுகி, கடித்தால் பல்லுக்கு எதிர்த்து நிற்கும் நூடுல்ஸ் கிடைக்கிறது. ஜப்பானிய ராமென் மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். கூடவே சோப்பு போல ஒரு நெடியும் வரும். கிண்ணத்தில் புளித்த காராமணிக்காய் எதற்கு என்று இப்போது புரியும். அந்த நெடியை அடக்கப் புளிப்பைவிட நல்ல ஆள் கிடையாது.

இந்த வித்தை எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1930களில் வுஹானின் ஹான்கோ பகுதியில் லீ பாவ் என்றொரு தெருவோர வியாபாரி இருந்தாராம். விற்காத நூடுல்ஸ் கெட்டுவிடாமல் இருக்க வேகவைத்து ஆறப் போட்டபோது எள்ளெண்ணெய்ச் சாடி கவிழ்ந்து கொட்டியதாம். கவிழ்ந்த சாடியிலிருந்து புதுப் பலகாரம் பிறக்கும் கதைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஊரின் வெயில் போதுமான காரணம். யாங்சே நதிக்கரையின் ‘மூன்று உலைகள்’ என்று சீனர்கள் சொல்லும் ஊர்களில் வுஹானும் ஒன்று. அந்தப் புழுக்கத்தில் பச்சை மாவு நூடுல்ஸ் தாங்காது. கார்பனேட்டும் எண்ணெயும் முக்கால் வேக்காடும் சேர்ந்தால் காலைவரை தாங்கும். அதே காலத்தில், 1930 வாக்கில், சாய் மிங்வெய் என்பவர் திறந்த ‘சாய் லின் ஜி’ என்ற கடைதான் இதை நகரம் முழுக்கப் பிரபலமாக்கியது. வாசலில் இரண்டு மரங்கள் நின்ற சிறிய கடை. இன்று அது பல கிளைகள் கொண்ட பெரிய பெயர்.

எள் விழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எள்ளை நன்றாக வறுத்து அரைத்த விழுது. நம் செக்கு நல்லெண்ணெய்போல் பச்சை எள்ளின் மணம் இருக்காது, வறுத்த வாசனை தூக்கும். அதில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள். இளகும் என்று நினைப்போம். சிமென்ட் போல இறுகும். எண்ணெயில் மிதக்கும் எள் துகள்கள் அந்தக் கொஞ்ச நீரைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுவதுதான் காரணம். இன்னும் தண்ணீர் விட்டால் பால் போல இளகிவிடும். தேர்ந்த கடைக்காரர்கள் எள்ளெண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டுத்தான் தளர்த்துகிறார்கள்.

விழுதின் கொழுப்பு மிளகாய்க்கும் தோதானது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. சூப்பில் அது மேலே மிதக்கும். இங்கே ஒவ்வோர் இழையிலும் படிந்துவிடும். தண்ணீர் குடித்தால் அடங்காது. உள்ளூர்க்காரர்கள் சோயாப் பாலோ, முட்டை அடித்து ஊற்றிய இனிப்பு அரிசிக் கள்ளோ குடிக்கிறார்கள்.

மலிவாகக் கிடைப்பதாலேயே ரெகான்மியனுக்கு மரியாதை குறைவு. வேர்க்கடலை விழுதைக் கலந்து எள்ளின் செலவைக் குறைக்கலாம். ஆலையிலிருந்து ஆறவைத்த நூடுல்ஸை மூட்டையாக வாங்கிவிட்டால் இரவு உதற வேண்டாம். இப்படிச் செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலைப் பலகாரம் மட்டும் விலை ஏறவே கூடாது, ருசியும் குறையக் கூடாது என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பு வுஹானில் மட்டும் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. சின்னக் கடையில் பத்து ரூபாய் கூட்டினால் முணுமுணுப்பவர்கள், அதே பலகாரத்தை வண்ணப் பொட்டலத்தில் பேரங்காடியில் வைத்தால் விலையைப் பார்க்காமல் எடுத்துப் போடுகிறோம்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஒரு கிலோ மைதாவுக்குப் பத்து கிராம் கார்பனேட் போதும். கிடைக்காவிட்டால் சமையல் சோடாவை ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டுங்கள், கார்பனேட்டாக மாறிவிடும். வெறுங்கையால் தொட வேண்டாம், தோலை அரிக்கும். அலுமினியப் பாத்திரமும் கூடாது. கடையில் வாங்கினால் உணவுக்கானது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பெயர் ஒன்றுதானே என்று துணி துவைக்கும் சோடாவைப் போட்டுவிடாதீர்கள்.