கொன்புவும் ரசமும்

கெடாத் தோட்டங்களில் முதியோர் சொல்லிவைத்த கதைகளில் ஜப்பான் என்னும் பெயரோடு இணைந்து வருவது மரவள்ளிக் கிழங்கு. 1941 திசம்பர் முதல் 1945 வரை அரிசியின்றி அதையே உண்டு உயிர் தரித்தனர். அதே நாட்டின் உணவுப் பொருள்கள் இன்று பிரெஞ்சுச் சமையல் முறையோடு கூடிப் பெருநகர் உணவகங்களில் உயர்ந்த விலைக்குப் படைக்கப்படுகின்றன. சுங்கைப் பட்டாணிக்கு அண்மையிலுள்ள பினாங்கில் பிறந்த தமிழர் ஒருவர் அவ்வழியிற் பயின்று ரசத்தையும் அம்மேடையில் ஏற்றியுள்ளார். ஆதலின் இக்கலப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிதல் நன்று.

பிரெஞ்சுச் சமையலின் வலிமை முறையில் உள்ளது. எலும்பை நெடுநேரம் காய்ச்சிச் சாறு இறக்குதல், அதனைச் சுண்டவைத்தல், கொழுப்பில் மென்சூட்டிற் பதப்படுத்தல் ஆகியன அங்கே இலக்கணம்போல் வகுத்துக் கற்பிக்கப்படுபவை. ஜப்பானியர் சிறப்போ பொருளைத் தெரிந்தெடுப்பதிலும் அதன் இயல்பைக் கெடாது காப்பதிலும் உள்ளது. ஒசாக்காவில் 1960இல் சுஜி சிசுவோ நிறுவிய சமையற் பள்ளி இவ்விரு நாட்டினரையும் ஒன்றுகூட்டியது. போல் பொக்கூஸ் முதலிய பிரெஞ்சு வல்லுநர் அங்குச் சென்று ஜப்பானிய விருந்தைக் கண்டனர்.

இக்கலப்பிற்குச் சிறந்த சான்று டெட்சுயா வக்குடா என்பாரது மீன் கறி. ஜப்பானியரான இவர் 1982இல் சிட்னிக்குக் குடியேறி, டோனி பில்சன் என்பாரிடம் பிரெஞ்சு முறையைக் கற்று, 1989இல் தம் பெயரால் உணவகம் தொடங்கினார். அது 2024இல் மூடப்பட்டது. தாஸ்மேனியக் கடலில் வளர்க்கும் டிரவுட் மீனை அவர் பொரிக்கவுமில்லை, கொதிக்கவிடவுமில்லை. பிரெஞ்சியர் வாத்திறைச்சியைக் கெடாது வைக்க அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைப்பர். அம்முறையை மீனுக்கு மாற்றி, எண்ணெயில் இளஞ்சூட்டில் வைத்தார். சூடு குறைவாதலின் ஊன் இறுகவில்லை, நிறமும் மங்கவில்லை. மேலே பொடியாக அரிந்த கொன்பு பரப்பப்பட்டது. (கொன்பு ஒருவகைக் கடற்பாசி. இதனைக் 'கொம்பு' என எழுதிவிட்டால் மாணவர் மாட்டை நினைப்பர்.)

அக்கொன்புவில்தான் நுட்பம் உள்ளது. 1908இல் இக்கேடா கிக்குனாயே என்னும் வேதியியற் பேராசிரியர் கொன்புச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது வெண்பொடியாக விற்பனைக்கு வந்தது. மலேசியத் தமிழர் அடுக்களை நன்கறிந்த அஜினோமோட்டோ அதுவே. 1913இல் அவர் மாணாக்கர் கொடாமா, உலர்த்திய சூரை மீனிலுள்ள இனோசினேட்டைக் கண்டார். இவ்விரண்டும் கூடினால் சுவை கூட்டலாக அன்றிப் பன்மடங்காகப் பெருகும் என்பதைப் பின்னர்க் குனினாக்கா விளக்கினார். சூரையை அவித்து, புகையிட்டு, கட்டைபோல் உலர்த்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று, மாசிக்கருவாடு அத்தகையதே. தோட்டத்து வீடுகளில் அம்மியில் அரைபடும் பெலாச்சான் சம்பாலின் சுவைக்கும் உமாமியே காரணம்.

நம் அறுசுவையுள் உமாமி எது? கார்ப்பும் துவர்ப்பும் நம் பட்டியலில் உண்டு; இஃது இல்லை. இதனை ஏழாவதாகச் சேர்ப்பதா, சுவையனைத்துக்கும் துணைநிற்பதாகக் கொள்வதா என்பது ஆராயத்தக்கது. எவ்வாறாயினும் பெயரை மொழிபெயர்க்க முயல்வதினும் 'உமாமி' என்றே வழங்குதல் நேரிது. தமிழ் ஒலிக்கு அஃது இயல்பாகவே பொருந்துகிறது. வடசொல்லைத் தமிழெழுத்திற்கேற்ப ஏற்கலாம் எனத் தொல்காப்பியர் விதித்ததும் இவ்வகை ஏற்புக்கே.

பினாங்கில் பிறந்த மனோ தேவர் என்பார், சிங்கப்பூரில் கீ சவுவாவின் பிரெஞ்சு உணவகத்திலும், வக்குடா 2010இல் அங்குத் தொடங்கிய வாக்கு கின் உணவகத்திலும் பணிசெய்து தேர்ந்தவர். 2018இல் சிங்கப்பூர் கியோங் சாய்க் சாலையில் 'தேவர்' என்னும் உணவகத்தைத் திறந்தார். மிச்சலின் கையேடு அதற்கு 2021இல் ஒரு விண்மீனும் 2022இல் இரண்டும் வழங்கியது. முறையை அயலாரிடம் கற்றவர், பொருளுக்கு வீட்டை நோக்கித் திரும்பினார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. பள்ளிக்குக் கொண்டுவரும் உணவுத் தூக்கைத் திறக்க நாணும் சிறுவர் இன்றும் உளர். அவர்கள் இதனை அறியவேண்டும். இவ்வுணவகங்களின் விலை அச்சிறுவர்தம் பெற்றோர்க்கு எட்டாதது என்பதும் மறைக்கத்தக்கதன்று.

அவர் படைத்தவற்றுள் ஒன்று பச்சைச் சிப்பியின்மேல் ரசம். பழச்சாற்றை உறையவைத்து முள்கரண்டியால் சுரண்டித் துருவலாக்கும் ஐரோப்பிய முறையில் ரசமும் உறையவைக்கப்படுகிறது. குளிர்ச்சி நாவின் உணர்வைச் சற்று மழுங்கச் செய்யுமாதலின், சூடான ரசத்தினும் இதற்குப் புளியும் உப்பும் கூடுதலாகவே வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிந்து சிப்பியை உண்பது பிரெஞ்சியர் வழக்கம். ஈண்டு அவ்விடத்தை ரசத்தின் புளிப்பு நிரப்புகிறது. கொதிக்காத ரசம் ரசமாகுமா என்று பாட்டிமார் கேட்பர். ஆவியோடு மூக்கிற்கு எழவேண்டிய மணம் பனியில் அடங்கியிருந்து, வாய்ச் சூட்டில் உருகிய பின்னரே வெளிப்படுகிறது.