அந்த ‘எஸ்’ எங்கிருந்து வந்தது?

எஸ்.எம்.டி.பி. என்றால் ‘சிம்பிள் மெயில் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்’ என்று கணினி படிக்கும் மாணவர்கள் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். எதைவிட ‘சிம்பிள்’ என்று கேட்டால்தான் தயங்குவார்கள். பாடப்புத்தகங்கள் விரிவாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. இந்தப் பெயர்களில் பலவும் பொறியாளர்கள் ஒருகாலத்தில் எடுத்த முடிவுகளின் சுவடுகள். அவற்றைக் கற்றுக்கொடுக்காமல் விடுவது பெரிய இழப்பு.

1970-களில் மின்னஞ்சலுக்கெனத் தனி நெறிமுறை கிடையாது. கோப்புகளை அனுப்புவதற்காக அபய் பூஷண் 1971-இல் எழுதிய எஃப்.டி.பி.யிலேயே மடல்களும் போய்வந்தன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர் அவர். 1980-இல் மடலுக்கென்றே எம்.டி.பி. வந்தது. மறு ஆண்டே ஜான் போஸ்டல் அதை எளிமையாக்கி, முன்னால் ‘சிம்பிள்’ சேர்த்தார். அன்றைய விதிப்படி ஒவ்வொரு கட்டளைக்கும் நான்கே எழுத்து. அதனால்தான் ஒரு சர்வர் இன்னொன்றுக்கு வணக்கம் சொல்லும் ‘ஹலோ’கூட ஆங்கிலத்தில் ஓர் ‘எல்’ குறைந்து நிற்கிறது.

இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டி.சி.பி.யின், அதாவது ‘டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் புரோட்டோகா’லின் கதை இன்னும் சுவையானது. 1974-இல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரையில் அதன் கடைசி எழுத்து ‘புரோட்டோகால்’ அல்ல, ‘புரோகிராம்’. தரவை உரிய இடத்துக்கு அனுப்புவது, தொலைந்ததை மறுபடி அனுப்புவது என எல்லா வேலையும் அந்த ஒரே நிரலின் தலையில். நேரடிக் குரலுக்கு இது ஒத்துவரவில்லை. பேச்சின் நடுவே ஒரு துணுக்கு தொலைந்தால் அதற்காகக் காத்திருப்பதைவிட விட்டுவிட்டு மேலே போவதே நல்லது. எனவே 1978-இல் வேலையைப் பிரித்தார்கள். முகவரி பார்த்து அனுப்புவது ஐ.பி.; தவறாமல், வரிசையாகச் சேர்ப்பது டி.சி.பி. அவசரக்காரர்களுக்கு 1980-இல் யு.டி.பி. வந்தது. டி.சி.பி./ஐ.பி. என்று நடுவில் சாய்கோடு போடுகிறோமே, அது அந்தப் பாகப்பிரிவினையின் அடையாளம்.

பெயர் பழையபடியே இருக்க, பொருள் மாறிப்போனதும் உண்டு. டி.டி.எல். என்பது ‘டைம் டு லிவ்’. வலையில் போகும் ஒரு தரவுப் பொட்டலம் எத்தனை நொடி உயிரோடிருக்கலாம் என்பதற்கு வைத்த எண். நடைமுறையில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கிறது, நொடிக்கணக்கு தாவல்கணக்காகிவிட்டது. ஐ.பி. ஆறாம் பதிப்பு ‘ஹாப் லிமிட்’ என்றே பெயரைத் திருத்திக்கொண்டது.

‘குயிக்’ நெறிமுறை இன்னொரு வகை. கூகுள் அறிமுகப்படுத்தியபோது அதற்கு விரிவாக்கம் இருந்தது. 2021-இல் வெளியான தரநிலையோ, இது வெறும் பெயர், சுருக்கம் அல்ல என்று வெளிப்படையாகவே அறிவித்தது. உலாவிகள் பயன்படுத்தும் ஹெச்.டி.டி.பி.யின் மூன்றாம் பதிப்பு டி.சி.பி.யை விட்டு இதன்மேல்தான் ஓடுகிறது. இது ஓடுவதோ யு.டி.பி.யின்மேல். குரலுக்காகத் திறந்த வழியில் இன்று இணையப் பக்கங்களே வந்துகொண்டிருக்கின்றன.