நூறு ரூபாய்க்கு நூற்று நாற்பத்து நான்கு

1949 செப்டம்பர் நடுப்பகுதி வரை கல்கத்தா சணல் வியாபாரிக்கும், பாகிஸ்தானின் பங்காகிவிட்ட கிழக்கு வங்காளத்தின் நாராயண்கஞ்ச் சணல் வியாபாரிக்கும் இடையே செலாவணி என்ற பேச்சே எழுந்ததில்லை. நாடு இரண்டாகி இரண்டு வருடம் ஓடியிருந்தது. ஆனாலும் இங்கே ஒரு ரூபாய் என்றால் அங்கேயும் ஒரு ரூபாய்தான்.

செப்டம்பர் 18-ஆம் தேதி லண்டனில் வந்த ஓர் அறிவிப்பு அதை மாற்றியது. போருக்குப் பின் டாலர் கையிருப்பு கரைந்துபோன பிரிட்டன், 4.03 டாலராக இருந்த பவுண்டின் மதிப்பை 2.80 டாலராக இறக்கியது. பவுண்டைப் பற்றிக்கொண்டிருந்த இந்தியாவும் உடனே இறங்கியது, 3.31 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 4.76 ரூபாய் ஆனது. பவுண்டோடு நாணயத்தைப் பிணைத்திருந்த ஸ்டெர்லிங் வட்டார நாடுகளில் பாகிஸ்தான் மட்டும் அசையவில்லை. விளைவு, 100 பாகிஸ்தான் ரூபாய் வேண்டுமானால் இனி 144 இந்திய ரூபாய் எண்ணி வைக்க வேண்டும்.

இந்த இரண்டு ரூபாயும் எவ்வளவு நெருக்கமாகப் பிறந்தவை என்பதை நினைத்தால்தான் அந்த அதிர்ச்சி புரியும். பாகிஸ்தானிடம் தொடக்கத்தில் நோட்டு அச்சகம் கிடையாது. நாசிக்கில் அச்சான இந்திய நோட்டுகளிலேயே ஆங்கிலத்திலும் உருதுவிலும் ‘பாகிஸ்தான் அரசு’ என்று கூடுதலாகப் பொறித்து 1948-இல் புழக்கத்தில் விட்டார்கள். அந்த நோட்டில் இருந்தது நம் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து. அந்த ஆண்டு ஜூன் முடியும்வரை இரு நாட்டுக்கும் ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி. ஜூலை 1-ஆம் தேதி கராச்சியில் ஸ்டேட் பாங்க் ஆஃப் பாகிஸ்தானை ஜின்னா திறந்து வைத்தார்.

பாகிஸ்தானின் முடிவை வீம்பு என்று இந்தியப் பத்திரிகைகள் பல எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நாட்டின் கணக்கு தெளிவானது. அதனிடம் விற்க இருந்தது சணலும் பருத்தியும். உலகச் சணலில் பெரும்பங்கு கிழக்கு வங்காளத்தில்தான் விளைந்தது. வாங்குகிறவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வாங்க வேண்டியிருந்ததோ ஆலை இயந்திரங்கள். ரூபாயின் மதிப்பு உயர்வாக இருந்தால் இயந்திரம் மலிவாகக் கிடைக்கும். சர்வதேச நாணய நிதியத்தில் பாகிஸ்தான் அப்போது உறுப்பினராகவும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கணக்கு சரிதான். ஆனால் அதைப் போட்ட நேரம், அறுத்த சணல் சந்தைக்கு வந்துகொண்டிருந்த நேரம். ஆடி, ஆவணியில் சணலை அறுத்து, கட்டுக்கட்டாகத் தண்ணீரில் ஊறப்போட்டு, இடுப்பளவு நீரில் நின்று நாரை உரித்து, அலசிக் காயப்போட்டுச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அதை விற்றுத்தான் மகாஜனின், அதாவது வட்டிக்காரரின், கடனை அடைக்க வேண்டும், அரிசி வாங்க வேண்டும். சணல் விளைந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். ஆலைகள் அனைத்தும் இந்தப் பக்கம், பெரும்பாலும் ஹூக்ளி நதிக்கரையில். ஒரு மணங்கு சணல் 25 பாகிஸ்தான் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 25 ரூபாய் கொடுத்த ஆலை, மறுநாள் அதே சணலுக்கு 36 ரூபாய் கொடுக்க வேண்டும்.

இந்தியா கொடுக்க மறுத்தது. அந்த விகிதத்தையே ஏற்க முடியாது என்றது. ஆலைகள் கொள்முதலை நிறுத்தின. கிழக்கு வங்காளச் சந்தைகளில் சணல் தேங்கியது, விலை சரிந்தது. விவசாயிகளைக் காப்பாற்றக் கராச்சி அரசு ஒரு சணல் வாரியம் அமைத்துக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. கொள்முதலுக்குப் பணம் கொடுக்க வங்கி இல்லாததால் நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு நேஷனல் பாங்க் ஆஃப் பாகிஸ்தானையே தொடங்கியது. டிசம்பரில் இந்தியா நிலக்கரி அனுப்புவதை நிறுத்தியது. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் பாகிஸ்தான் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் வாங்கிய நாடு இந்தியா. அந்த வியாபாரம் சில மாதங்களில் ஏறக்குறைய நின்றே போனது.

1950 ஏப்ரலில் ஒரு தற்காலிக உடன்பாடு வந்தது. விகிதச் சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு இந்திய ரூபாயிலேயே கணக்கு முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. சணலுக்கும் பருத்திக்கும் உலகெங்கும் கிராக்கி ஏறியது. பாகிஸ்தானின் கை ஓங்கியது. 1951 பிப்ரவரியில், பதினேழு மாத இழுபறிக்குப் பிறகு, இந்தியா அந்த 144 ரூபாய் விகிதத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது.

அதற்குள் இரு நாடுகளும் ஒன்றில்லாமல் மற்றொன்று வாழும் வழியைத் தேடிக்கொண்டுவிட்டன. மேற்கு வங்கம், அசாம், பீகாரில் சணல் சாகுபடி வேகமாகப் பெருகியது. நெல் விளைய வேண்டிய நிலமும் அதற்குப் போனது, அதுவும் உணவுப் பஞ்சம் வாட்டிய ஆண்டுகளில். அங்கே நாராயண்கஞ்சில் 1951-இல் ஆதம்ஜி சணல் ஆலை ஓடத் தொடங்கியது. பின்னாளில் உலகிலேயே மிகப் பெரிய சணல் ஆலை என்று பெயரெடுத்தது. ஒன்றாக இருந்தபோது தேவைப்படாத முதலீட்டை இரண்டு ஏழை நாடுகள் தனித்தனியே செய்தன.

கொரியப் போர்க் கிராக்கி அடங்கியதும் பாகிஸ்தானின் உயர்ந்த ரூபாயைத் தாங்க ஆளில்லை. 1955 ஜூலை 31-ஆம் தேதி அதுவும் டாலருக்கு 4.76 என்று இறங்கியது. மீண்டும் ரூபாய்க்கு ரூபாய். 1966 ஜூனில் இந்தியா 7.50-க்கு இறங்கியபோது சமநிலை மறுபடி குலைந்தது. 1972 மே மாதம் பாகிஸ்தான் ஒரே அடியில் 11-க்கு இறங்கியது. அதன் பிறகு ரூபாய்க்கு ரூபாய் என்ற நிலையான விகிதம் திரும்பவே இல்லை. 2023-இன் கடைசியில் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று பாகிஸ்தான் ரூபாய்க்கு மேல் கிடைத்தது.

பாகிஸ்தான் தன் நாணயத்துக்கு விலை வைத்ததில் தவறில்லை; அது அதன் உரிமை. தவறு, அந்த விலையை ஏற்க டில்லி மறுத்த பதினேழு மாதங்களில் இருக்கிறது. 1951-இல் போட்ட கையெழுத்தை 1949-லேயே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஹூக்ளி ஆலைகளும் கிழக்கு வங்காள வயல்களும் இன்னும் சில காலமாவது ஒரே தொழிலாக இருந்திருக்கும்.