வீட்டுக் கருவிகளும் நாமும்



இரணியலில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். நெசவாளர் ஒருவர் தறியில் அமர்ந்து வேலை செய்வதைச் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். அக்கருவி தன் இரகசியம் முழுவதையும் நமக்குச் சொல்லிவிடும். காலால் மிதித்தால் விழுது ஏறி இறங்குகிறது. பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது. அவ்வழியே நாடா ஊடைநூலை ஏந்தி ஓடுகிறது. ஓடிய நூலை அச்சு நெருக்கி அடிக்கிறது. எங்கேனும் தடை நேர்ந்தால் நெசவாளர் அதைக் கண்ணாலேயே கண்டு, தம் கையாலேயே செப்பம் செய்துகொள்வார்.

இனி நம் வீட்டுக்குள் நோக்குவோம். மின்விசிறி, மிக்சி, கிரைண்டர், கைப்பேசி என்று கருவிகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவை அனைத்தும் மூடிய பெட்டிகள். அவை ஓடும்போது ஏன் ஓடுகின்றன என்று நாம் கேட்பதில்லை. நின்றுவிட்டால் ஏன் நின்றன என்று நமக்குத் தெரிவதுமில்லை. “பழையதாகிவிட்டது, புதிது வாங்கு” என்பதே வீட்டுக்கு வீடு வழங்கும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரியானதுதானா என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி சோர்ந்துபோயிற்று. ஐந்தாம் எண்ணில் வைத்தாலும் இரண்டாம் எண்ணுக்குரிய காற்றுத்தான் வந்தது. “வோல்டேஜ் குறைவு” என்றார் ஒருவர். அடுத்த அறை விசிறியோ அதே நேரத்தில் நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஆகவே வோல்டேஜின்மேல் பழி போடுவதற்கில்லை. “பத்து ஆண்டு உழைத்துவிட்டது, மாற்றிவிடலாம்” என்றார் மற்றொருவர். நான் மின்பணியாளர் ஒருவரை அழைத்தேன். அவர் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறி, விசிறியின் மேல்மூடிக்குள் இருந்த தீப்பெட்டியளவான கண்டென்சரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். விசிறி பழைய வேகத்தைப் பெற்றுவிட்டது. அதற்கான செலவு புதிய விசிறியின் விலையில் மிகச் சிறிய பங்குகூட இல்லை.

அந்தச் சிறு பொருள் என்னதான் செய்கிறது? பாடநூலில் மின்தேக்கி என்று நீங்கள் படிப்பது இதனைத்தான். அதன் வேலையை விளங்கிக்கொள்ள நம் பாட்டிமார் அரிசி திரித்த திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். திரிகையின் பிடியை ஒருவர் ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்தால் என்ன ஆகும்? கோட்டின் இரு முனைகளிலும் பிடி செத்து நின்றுவிடும். அங்கிருந்து கல் வலப்புறம் போவதா, இடப்புறம் போவதா என்பதற்கு ஒரு முடிவு இராது. பக்கத்தில் வேறொருவர் அமர்ந்து, முதல்வரின் தள்ளலுக்குக் கால்சுற்று முந்தித் தாமும் தள்ளினால், செத்த இடம் என்பதே இல்லாமல் கல் ஒரே திசையில் சுழலும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் அது 100 முறை திசை மாறுகிறது. விசிறியின் முதற்கம்பிச்சுருள் இம்மின்சாரத்தால் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் ஒரே கோட்டில் வளர்ந்து, தேய்ந்து, எதிர்த்திசையில் மீண்டும் வளர்கிறது. இது தனியொருவர் தள்ளும் திரிகை. அதனால் விசிறி உறுமுமேயன்றித் தானாகக் கிளம்பாது. ஆகவே குறுக்குத் திசையில் இரண்டாம் சுருள் ஒன்றைச் சுற்றி, அதற்குப் போகும் மின்சாரத்தைக் கண்டென்சர் வழியாக அனுப்புகிறார்கள். கண்டென்சரைக் கடக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ கால்சுற்று, அதாவது நொடியில் 200-இல் ஒரு பங்கு, முந்திக்கொள்கிறது. இப்போது திரிகைக்கு இரண்டாம் ஆள் கிடைத்துவிட்டார். காந்தப்புலம் சுழலத் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து விசிறியும் சுழல்கிறது.

அப்படியானால் கண்டென்சர் ஏன் சோர்கிறது? அதனுள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல், அதனினும் மெல்லியதாக உலோகம் பூசிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது தாளில் ஊசிமுனையளவு துளை விழலாம். விழுந்த உடனே அத்துளையைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி அகன்று, அவ்விடம் தனித்துவிடும். கருவி தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்கிறது என்றே சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு புண் ஆறும்போதும் பூச்சின் பரப்பு சிறிது குறைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல 2.5 மைக்ரோபாரட் என்று அச்சிட்ட கண்டென்சர் அதில் பாதியளவுக்கும் இறங்கிவிடுகிறது. அப்போது இரண்டாம் ஆளின் கை தளர்கிறது. விசிறியின் வேகம் குறைகிறது. இருபருவ மழையும் இடியும் மின்னலும் கண்டு பழகிய நம் குமரி மாவட்டத்தில் இது நேர்வதில் வியப்பில்லை. உருளைத்தாங்கி தேய்வது, சுருள் கருகுவது போன்ற வேறு காரணங்களாலும் விசிறி சோர்வதுண்டு. ஆயினும் முதலில் ஐயுற வேண்டியது இந்தச் சிறு பொருளையே.

கண்டீர்களா? நம்மை எரிச்சலூட்டிய ஒரு சிறு தொல்லைக்குள் காந்தவியலும் மாறுதிசை மின்னோட்டமும் ஒளிந்திருக்கின்றன. தொல்லையைக் கண்டதும் பணப்பையைத் திறப்பவன் ஒரு விசிறியைப் பெறுகிறான். கருவியைத் திறந்து பார்க்க நினைப்பவன் ஒரு பாடத்தைப் பெறுகிறான்.

இப்படித் திறந்து பார்த்தே உயர்ந்த ஒருவரை நம் தமிழ்நாடு கண்டிருக்கிறது. கோயம்புத்தூருக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களே அவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் வந்து பெருமை கொள்ளவில்லை; அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற பொறியியற் கல்லூரி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கி, பின்னர் பெரியதொரு போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். நாள்தோறும் முகம் மழிப்பது எல்லாருக்கும் உள்ள ஒரு தொல்லைதான். அதற்கென மின்சவரக் கருவி ஒன்றை ஆக்கியதும் அவருடைய கைத்திறனே.

கல்வியைப் பற்றியும் அவருக்கு அழுத்தமான கருத்துகள் இருந்தன. 1945-இல் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்கல்வி நிலையம் தோன்றத் துணைநின்ற அவர், நான்கு ஆண்டுப் பொறியியற் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று வாதிட்டார். அரசினர் அதற்கு இசையவில்லை. வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த நான் அக்கருத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. விசிறி ஏன் சுழல்கிறது என்பதைக் கழற்றிப் பார்த்த கை மட்டும் சொல்லிவிடாது. கணக்கும் கோட்பாடும் வேண்டும். ஆனால் அவர் கருத்தின் உள்ளே இருக்கும் கண்டனத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். மின்தேக்கிக்கு இலக்கணம் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், தம் தலைக்குமேல் சுழலும் விசிறிக்குள் அது இருப்பதை அறியாமலிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அக்குறை மாணவருடையது அன்று, கற்பித்த எங்களுடையது.

நாயுடு அவர்கள் 1974-இல் மறைந்தார். அவர் காலத்துக் கருவிகளைத் திருப்புளி ஒன்று இருந்தால் திறந்துவிடலாம். இன்றைய கருவிகள் பல அப்படியல்ல. முன்பு கைப்பேசியின் முதுகை நகத்தால் நெம்பி, பேட்டரியை மாற்றிக்கொண்டோம். இன்றோ பெரும்பாலானவற்றில் பேட்டரி உள்ளே பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி என்பது எப்படியும் தேய்ந்தே தீரும் பொருள். சில நூறு முறை ஏற்றி இறக்கியதும் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். தேய்வது உறுதியான ஓர் உறுப்பை, எளிதில் மாற்ற முடியாதபடி உள்ளே வைத்துப் பூட்டுவது முறையாகுமா? செருப்பின் வார் அறுந்ததற்காகச் செருப்பையே எறியச் சொல்வது போன்றதல்லவா அது?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மூடி ஒட்டுவதால் கைப்பேசி மெலிதாகிறது. தண்ணீரும் தூசியும் புகுவது குறைகிறது. விசிறியிலும் அப்படியே. பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் உண்ணும். நிலைக்காந்தமும் மின்னணுப் பலகையும் கொண்ட புதுவகை விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். இது சிறிய ஆதாயம் அன்று. ஆனால் அதன் மின்னணுப் பலகை கெட்டுவிட்டால், கண்டென்சரைப் போல் எந்தக் கடையிலும் எளிதில் வாங்கி மாட்டிவிட முடியாது. ஆகவே நான் புதுமையை வெறுப்பவன் அல்லன். வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள் என்றே சொல்லுகிறேன்: “இதன் உதிரி உறுப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும்?” விலையை மட்டும் கேட்பவர் பாதிக் கணக்கே போட்டவர் ஆவார்.

இக்கேள்வி இன்று அரசுகளின் காதிலும் விழுந்திருக்கிறது. 2021-இல் பிரான்சு நாடு, சில வகைக் கருவிகள் எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கக் கூடியவை என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணிட்டு விற்பனையிடத்தில் காட்டவேண்டும் என்று விதித்தது. இந்தியாவின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ஆம் ஆண்டு பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனித்த இணையதளம் ஒன்றைத் தொடங்கி, உழவுக் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வண்டிகள் ஆகிய நான்கு துறைகளை அதில் சேர்த்தது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரிச் சட்டத்தின் விதிகளுள் ஒன்று. அது 2027 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வரும்படி அச்சட்டம் நாள் குறித்திருக்கிறது. சட்டம் நல்லது. ஆனால் உரிமை கிடைத்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய விருப்பமில்லாதவருக்கு அவ்வுரிமையால் ஆவது என்ன?

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்னிணைப்பில் இருக்கும் எந்தக் கருவியையும் திறக்காதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். லித்தியம் பேட்டரியைக் குத்தினாலும் வளைத்தாலும் தீப்பற்றும். ஆகவே தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே இவ்வேலைகளைக் கற்கவேண்டும்.

திறக்காமலே படிக்கக்கூடியவையும் உண்டு. மூன்று முனைப் பிளக்கை எடுத்துப் பாருங்கள். மேல்முனை மட்டும் மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருக்கும். தடித்திருப்பது, அது தவறியும் மற்றத் துளைகளில் நுழையாதிருப்பதற்காக. நீண்டிருப்பது, செருகும்போது எர்த் இணைப்பு முதலில் பொருந்தவும், பிடுங்கும்போது அதுவே கடைசியில் விலகவும் வேண்டும் என்பதற்காக. கருவியின் உலோக உடலில் மின்கசிவு இருந்தாலும், மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் பாயாமல் மண்ணுக்குப் போகும்படி வழியமைக்கும் ஏற்பாடு அது. நாள்தோறும் கையில் பிடிக்கும் பொருளில் இவ்வளவு சிந்தனை அடங்கியிருக்கிறது. அதை அறியாமல் எர்த் முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மாணவர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு குறிப்பேடு எடுங்கள். உங்களுக்குத் தொல்லை தரும் கருவி ஒன்றின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே மூன்று கேள்விகள்: இது எப்படி வேலை செய்கிறது? இதில் எந்த உறுப்பு முதலில் தேயும்? அதை மாற்ற முடியுமா? விடை ஒரே நாளில் வராது. ஆசிரியரைக் கேளுங்கள், பழுதுபார்க்கும் கடைக்காரர் அருகில் நின்று பணிவோடு பாருங்கள். அவரும் ஓர் ஆசிரியரே. தறியின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி அறிந்திருந்த மக்களின் வழிவந்த நாம், நம் வீட்டுக் கருவிகளுக்கு முன்னால் மட்டும் அயலார்போல் நிற்க வேண்டியதில்லை.