கப்பலில் துப்பாக்கி, தியேட்டரில் செல்போன்

2024 மார்ச் மாதம் அரபிக் கடலில் 'ரூயன்' என்ற சரக்குக் கப்பலை இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கொல்கத்தா வழிமறித்தது. முந்தைய டிசம்பரில் சோமாலியக் கொள்ளையர் கடத்திய கப்பல் அது. போர்க்கப்பலை நோக்கி அவர்கள் சுட்டார்கள். நிலைமையைப் பார்த்துவர அனுப்பிய ட்ரோனையும் சுட்டு வீழ்த்தினார்கள். கடற்படைக் கமாண்டோக்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் கடலில் குதித்தனர். சுமார் 40 மணி நேரம் நீடித்த நடவடிக்கையின் முடிவில் 35 கொள்ளையரும் சரணடைந்தார்கள். மூன்று மாதமாகப் பணயக் கைதிகளாகக் கிடந்த 17 மாலுமிகள் உயிரோடு மீண்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில், திருவனந்தபுரத்துத் தியேட்டர் ஒன்றில் 'ராயன்' படத்தைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவரைப் போலீஸ் கையும் களவுமாகப் பிடித்தது.

இரண்டு குற்றத்துக்கும் உலகம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: பைரசி.

கடலில் நடப்பது மிகப் பழைய தொழில். ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியா வரும் கப்பல்களில் கொள்ளையருக்குப் பயந்து வில்லாளிகளை ஏற்றி வந்ததாகக் குறிப்பிடுகிறார். அருகே கொள்ளையர் நடமாட்டம் இருப்பதால் முசிறி அவ்வளவு விரும்பத்தக்க துறைமுகம் அல்ல என்றும் எழுதினார். அதே மேலைக் கடலில் பகைவரின் காவல் மரமான கடம்பை வெட்டி வீழ்த்திய சேரன் நெடுஞ்சேரலாதனைப் பதிற்றுப்பத்து புகழ்கிறது. அந்தப் பகைவர் கடற்கொள்ளையரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இன்றைய சட்டம் இதற்குக் கறாரான எல்லை வகுத்திருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில், ஒரு தனியார் கப்பலில் இருப்பவர்கள் சொந்த நோக்கத்துக்காக இன்னொரு கப்பலைத் தாக்கினால்தான் அது கடற்கொள்ளை. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது அந்தந்த நாட்டின் சட்டப்படி ஆயுதக் கொள்ளை.

சட்டத்தின் சொற்களில் மாலுமியின் நிலைமை தெரிவதில்லை. 2010 செப்டம்பரில் 'ஆஸ்பால்ட் வென்ச்சர்' கப்பல் கடத்தப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் பணயத்தொகை கைமாறி, கப்பல் விடுவிக்கப்பட்டது. ஆனால் இந்திய மாலுமிகள் ஏழு பேரைக் கொள்ளையர் விடவில்லை. இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருந்த தங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். அந்த ஏழு பேரும் விடுதலையானது 2014 அக்டோபரில்தான். பைரசி என்ற பெயர் முதலில் நினைவூட்ட வேண்டியது இவர்களைத்தான்.

அந்தப் பெயர் கரையேறியது புத்தகக் கடைகள் வழியாக. அடுத்தவர் நூலை அனுமதியில்லாமல் அச்சடித்து விற்றவர்களை இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே அப்படித் திட்டினார்கள். 1710இல் நூலாசிரியருக்கு உரிமை தரும் சட்டம் அங்கே வந்தது. அமெரிக்காவோ 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளரின் உரிமையை மதிக்கவே இல்லை.

அதில் நொந்துபோனவர்கள் லண்டனின் இசை நாடக இரட்டையர் கில்பர்ட், சல்லிவன். அவர்களின் 'ஹெச்எம்எஸ் பினஃபோர்' நாடகத்தை அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு காசு தராமல் ஊர் ஊராகப் போட்டுச் சம்பாதித்தன. அடுத்த நாடகத்தை நேராக நியூயார்க்கிலேயே அரங்கேற்ற முடிவு செய்தார்கள். பிரிட்டனிலும் உரிமை கைவிட்டுப் போகக் கூடாதே! அதற்காக 1879 டிசம்பர் 30 அன்று பெய்ன்டன் என்ற சிற்றூரில் பெயருக்கு ஒரு காட்சி நடந்தது. நடிகர்கள் பழைய நாடகத்தின் உடையிலேயே தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் வசனத் தாளைப் பார்த்துப் படித்து ஒப்பேற்றினார்கள். மறுநாள் நியூயார்க்கில் அரங்கேற்றம். நாடகத்தின் பெயர் 'தி பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்'.

தமிழ்நாட்டில் இந்தப் படைப்புக் களவு 'திருட்டு விசிடி'யாக வந்தது. 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். படைப்பைக் களவாடுவது படைத்தவரின் வயிற்றில் அடிப்பது; அதில் சந்தேகமில்லை. ஆனாலும் தண்டிக்க 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கும்போது, பிளாட்பாரத்தில் சிடி விற்றவரை விசாரணையின்றி அடைத்து வைப்பது நியாயமில்லை. பிரதி எடுப்பதால் படைப்பாளியின் வருமானம் போகிறது. கடலில் மனிதரையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1985இல் எல்விஸ் பிரெஸ்லி பாடல்களைத் திருட்டுத்தனமாக இசைத்தட்டில் பதித்து விற்றவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதைப் போன்ற ஒரு வேறுபாட்டைப் பார்த்தது. பதிப்புரிமையை மீறிய பிரதியை, திருட்டுப் பொருள் கடத்தும் சட்டத்தின்கீழ் கொண்டுவர முடியாது என்றது.

இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, தியேட்டரில் படத்தைப் பதிவு செய்பவருக்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் மூன்று லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இப்போது டிஜிட்டலில் திரையிடும் படங்களில் கண்ணுக்குத் தெரியாத குறியீடு ஒன்று கலந்திருக்கிறது. இணையத்தில் வெளியான பிரதியை ஆராய்ந்தால், எந்தத் தியேட்டரில், எந்த நேரத்தில் பதிவானது என்பது தெரிந்துவிடும்.