கொடை பெரிது, கணக்கு என்ன?

தொழில்நுட்பக் கோடீஸ்வரர்களின் தாராளம் மலைக்க வைக்கிறது. அதன் பலனை வகுப்பறையில்தான் அளக்க முடியும்.

1966ல் தந்தை இறந்ததால் அமெரிக்கப் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பியபோது அஸீம் பிரேம்ஜிக்கு வயது 21. கைக்கு வந்தது, மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் வனஸ்பதி தயாரித்த கம்பெனி. அதுவே பின்னாளில் விப்ரோ என்ற கம்ப்யூட்டர் சாம்ராஜ்யம் ஆனது. 2019 மார்ச்சில் அந்த சாம்ராஜ்யத்தின் மேலும் 34 சதவீதப் பங்குகளின் வருவாயைத் தன் அறக்கட்டளைக்கு அவர் எழுதிவைத்தார். மதிப்பு ரூ. 52,750 கோடி. முன்பு கொடுத்ததையும் சேர்த்தால் அன்றைய கணக்கில் ரூ. 1.45 லட்சம் கோடி.

லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று பெரிய கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இது அந்த ரகமல்ல, சொந்தச் சொத்து. முன்னுதாரணமும் உண்டு. டாடா சன்ஸின் சுமார் 66 சதவீதப் பங்குகள் அறக்கட்டளைகளிடம்தான் இருக்கின்றன.

ஷிவ் நாடார் போட்ட பாதை வேறு. தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்து, 1976ல் எச்.சி.எல்.லைத் தொடங்கியவர், 1996ல் சென்னை அருகே தந்தை பெயரில் என்ஜினீயரிங் கல்லூரி கட்டினார். உத்தரப் பிரதேசத்தில் அவரது வித்யாஞான் பள்ளிகள், ஏழை கிராமத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைத் தேர்ந்தெடுத்து இலவசமாகத் தங்கவைத்துப் படிக்கவைக்கின்றன. தேர்வானவர்களின் தலையெழுத்தே மாறுகிறது. ஆனால் அவர்கள் விட்டுவந்த கிராமத்துப் பள்ளி அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பள்ளியைத்தான் குறிவைக்கிறது பிரேம்ஜி அறக்கட்டளை. சத்தீஸ்கர், ராஜஸ்தான், புதுச்சேரி என்று பல இடங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. மெதுவான வேலை. திறப்பு விழா நடத்தக் கட்டடம்கூட இருக்காது. பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தெரிந்தாலும் அது யாரால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சங்கடமான கேள்வி ஒன்றும் உண்டு. 2011 மார்ச் வரை சாஃப்ட்வேர் ஏற்றுமதி லாபத்துக்கு அரசு வரிச் சலுகை தந்தது. அதாவது, இந்தத் துறையின் செல்வத்தில் கஜானா விட்டுக்கொடுத்த பங்கும் இருக்கிறது. வரியாக வந்திருந்தால் எதற்குச் செலவிடுவது என்பதை சட்டசபையும் பார்லிமென்டும் தீர்மானித்திருக்கும். கொடையாக வரும்போது தீர்மானிப்பது கொடையாளி. மந்திரி சரியாகச் செய்யாவிட்டால் ஓட்டால் தண்டிக்கலாம். அறக்கட்டளையை யார் கேட்பது?

அதற்காக வந்த உதவியை உதறவும் முடியாது. கர்நாடகப் பள்ளிகளில் வாரத்தில் இரண்டு நாள் முட்டை தந்தது அரசு. மீதி நான்கு நாளுக்கும் தர பிரேம்ஜி அறக்கட்டளை 2024ல் முன்வந்தது: மூன்று ஆண்டுக்கு சுமார் ரூ. 1,500 கோடி. பசியோடு வகுப்பில் உட்காரும் குழந்தைக்கு முட்டையைக் கொடுத்தது யார் என்பது முக்கியமல்ல.

ஆனால் மூன்று ஆண்டு முடிந்த பிறகும் தட்டில் முட்டை இருக்குமா என்பது முக்கியம். தனியார் பணம் வழிகாட்ட, அரசு அதைத் தன் பொறுப்பாக ஏற்றால் கொடை வென்றது. அரசு கையைக் கழுவிக்கொள்ள அது சாக்கானால், எத்தனை ஆயிரம் கோடி கொடுத்தாலும் தோல்விதான். கொடையாளியின் பெயர் நிலைப்பதும் அதைப் பொறுத்தே.